என் பம்புக்கு ட்ரெண்ட் கிடையாது

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசிகளுடனும் சற்றே ஏறிய ரத்த அழுத்தத்துடனும் எழுதுவது. இங்கே உங்கள் அத்தை நலம், வாசல் செடிகள் நலம், நான் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டவர்களுக்கு என்ன குறை? மாப்பிள்ளையிடம் கோபமாகப் பேசுவது மரியாதையில்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன்.

நான் கண்காணிப்பாளராக இருக்கும் நீரேற்று நிலையத்தின் கதை உங்களுக்குத் தெரியும். கரண்ட் செலவு ஏறிக்கொண்டே போகிறது, ஏற்றுகிற தண்ணீர் அந்த அளவுக்கு ஏறவில்லை, ஆகவே நடுவில் யாரோ கரண்டைத் திருடுகிறார்கள் என்று தலைமை அலுவலகம் நாற்காலியை விட்டு எழாமலே கண்டுபிடித்துவிட்டது. பழி விழுந்தது பம்பு ஆபரேட்டர் மேல். எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்ப்பதால் விசில் என்று நாங்கள் அழைக்கிறோமே, அவர்தான். அவர் குடியிருக்கும் வீடு பம்பு அறையை ஒட்டினாற்போல் இருக்கிறது, குளியலறையில் ஒரு வெந்நீர் ஹீட்டர் இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்? ஆளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். கரண்ட் ஏன் ஏறியது என்று திங்கட்கிழமைக்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேலையும் போகும், வீடும் போகும். இரண்டு வாரமாக அந்த மனிதர் கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சீட்டிச் சத்தமே இல்லை. பம்பு அறைக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை.

இதை உங்களிடம் போனில் சொன்னதுதான் நான் செய்த தப்பு. நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

"மாமா, கவலையே படாதீங்க. கரண்டும் தண்ணியும் நீண்ட காலத்துல ஒட்டிப் போகுதான்னு பார்த்துட்டா விஷயம் முடிஞ்சுது. இப்போ நீங்களும் அத்தையும் கடைக்கு நடந்து போறீங்க. அத்தை விறுவிறுன்னு முன்னாடி போவாங்க, நீங்க பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வருவீங்க. ஆனா ரொம்ப தூரம் பிரிஞ்சு போக மாட்டீங்கல்ல? அதுக்குப் பேருதான் கோஇன்டக்ரேஷன். ஒட்டிப் போனா திருட்டு இல்லை. கண்டபடி பிரிஞ்சு அலைஞ்சா, யாரோ கை வைக்கிறாங்க."

உதாரணத்துக்கு உலகத்தில் வேறு ஜோடியே கிடைக்கவில்லையா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அத்தை அன்று முழுவதும் சிரித்தாள்.

சரி, மாப்பிள்ளை சொல்கிறார் என்று நம்பி, பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து, மாதவாரியாக கரண்ட், தண்ணீர் இரண்டையும் ஒற்றை விரலால் தட்டி ஏற்றினேன். மாதங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று அந்தப் பெட்டிக்கு யார் சொல்வது? ஆகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று காலத்துக்கு ஒரு பத்தியை நானே போட்டு, அதையும் கணக்கில் சேர்த்தேன். அப்புறம் மென்பொருள், ட்ரெண்ட், அதாவது காலப்போக்கில் ஏறுகிற இறங்குகிற போக்கு, வேண்டுமா என்று கேட்டது. ஒன்றுமே வேண்டாம், எப்போதும் இருக்கும் செலவுக்கு மாறிலி மட்டும், நேர்கோடு, வளைகோடு என்று நான்கு வழி காட்டியது. நேர்கோடு என்றால் நேர்மையாக இருக்குமென்று அதை அழுத்தினேன். உடனே சிவப்பெழுத்தில், மேட்ரிக்ஸ் சிங்குலராம், கணக்குப் போட முடியாதாம். உங்களுக்குப் போன் செய்தால் கூட்டத்தில் இருந்தீர்கள். என் மகள் எடுத்தாள். விவரம் கேட்டுவிட்டு அவள் சொல்கிறாள், "அப்பா, நேர்கோட்டு ட்ரெண்டும் நீங்க போட்ட ஒண்ணு ரெண்டு மூணும் ஒரே ஆளுதான். ஒரு ஆளுக்கு ரெண்டு நாற்காலி போட்டா, எதுல உக்காந்திருக்கான்னு அது எப்படிச் சொல்லும்?"

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் மூன்று பிரதி கேட்பார்கள். இரண்டு தடவை சொன்னதற்கே கணக்குப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும் ஒரு பொருளை நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

என் பத்தியை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மாப்பிள்ளை, அழகாக வந்தது! கரண்டும் தண்ணீரும் ஒட்டிப் போகின்றன, பிரியவில்லை, திருட்டு இல்லை. எழுந்து நின்று கைதட்டினேன். அப்போதுதான் கீழே இன்னொரு வரி கண்ணில் பட்டது. ட்ரெண்ட், கூட்டல் குறி, சந்தேகமே இல்லாத அளவுக்கு உறுதி என்று பக்கத்தில் சான்று வேறு. அதன் அர்த்தம் என்னவென்று மகளிடமே கேட்டேன். ஒரே அளவு தண்ணீரை ஏற்றுவதற்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் கரண்ட் பிடிக்கிறதாம். விசில் வேலைக்குச் சேர்வதற்கு வெகு காலம் முன்பிருந்தே, ஒரே சீராக!

அதாவது என் பம்பு தேய்கிறதாம். என் பம்பு! மாதாமாதம் நானே நின்று பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கும் பம்பு. பார்வைக்கு வரும் அதிகாரிகள் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக ஓடுகிற பம்பை யாரும் திறக்கக் கூடாது என்பது நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து அங்கே சட்டம். இத்தனை வருடத்தில் ஒருவரையும் திறக்க விட்டதில்லை. அப்படிப்பட்ட பம்பைப் பார்த்து, அதன் சத்தத்தைக்கூடக் கேட்டிராத ஒரு மென்பொருள் தேய்ந்துவிட்டது என்றால் ரத்தம் கொதிக்குமா, கொதிக்காதா?

கொதித்த வேகத்தில் ட்ரெண்டே வேண்டாம், மாறிலியும் வேண்டாம் என்று அழுத்தினேன். தண்ணீர் ஓடாத நேரத்தில் கரண்ட் செலவு சுத்தமாகப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அப்படியானால் நாங்களெல்லாம் இருட்டிலா உட்கார்ந்திருக்கிறோம்? என் மேசைக்கு மேல் ஃபேன் ஓடவில்லையா? வளைகோட்டை அழுத்தினேன். ஏறிய கோடு உச்சிக்குப் போய் வளைந்து இறங்கத் தொடங்கியது. அதை அப்படியே நீட்டிப் பார்த்தால், இனிப் பிறக்கப்போகும் என் பேரன் கல்லூரிக்குப் போகும் காலத்தில் என் பம்பு கரண்டை எடுக்காதாம், திருப்பிக் கொடுக்குமாம்! கடைசியில் மாறிலி மட்டும் என்றதை அழுத்தினேன். ட்ரெண்ட் வரி மறைந்தது, பம்பு மறுபடி இளமையானது, நானும் மூச்சு விட்டேன். ஆனால் இப்போது கரண்டும் தண்ணீரும் ஒட்டவில்லையாம். இரண்டும் திசைக்கொன்றாக அலைகின்றனவாம். அப்படியென்றால் யாரோ கை வைக்கிறார்கள் என்று சொன்னது நீங்கள்தானே?

இப்போது புரிகிறதா என் நிலைமை? ட்ரெண்டைப் போட்டால் விசில் யோக்கியர், நான் பம்பைக் கவனிக்காதவன். ட்ரெண்டை எடுத்தால் நான் யோக்கியன், விசில் திருடன். ஒரு மென்பொருளுக்கு இத்தனை கொழுப்பு ஆகாது, மாப்பிள்ளை. கணக்குப் போடச் சொன்னால் கணக்கைப் போட வேண்டும், இரண்டு பேரைக் கூண்டில் ஏற்றி ஒருவரைத் தேர்ந்தெடு என்று சொல்லக் கூடாது.

இன்று மாலை விசில் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"சார், ரிப்போர்ட் ரெடியா?"

"மென்பொருள் இன்னும் முடிவா சொல்லலைப்பா."

"அது என்ன சார் சொல்லணும்? ஹீட்டர் என் வீட்டு மீட்டர்ல ஓடுது. ஆபீஸ்காரங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும். பார்க்கச் சொன்னா, அப்புறமா மாத்தி வச்சிருப்பேன்னு சொல்றாங்க. சின்னவளோட ஸ்கூல்ல பசங்க கரண்ட்டு திருடன் பொண்ணுன்னு கூப்பிடறாங்களாம் சார்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம் என்று மழுப்பி அனுப்பிவிட்டேன். அந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் உங்கள் மேல் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உங்கள் அத்தை, "ஏங்க, அந்த பம்பைத் திறந்துதான் பாருங்களேன்" என்றாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், அந்தச் சட்டத்தைப் போட்டவனோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும்! சரி, திறக்கிறேன். நாளைக் காலை ஃபிட்டரை வரவழைத்துத் திறந்து, உள்ளே எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்று போட்டோ எடுத்து உங்களுக்கும் அந்த மென்பொருளைச் செய்த மகானுபாவர்களுக்கும் அனுப்புகிறேன். அதற்குள் நீங்கள் எனக்கு ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். பம்பும் தேயவில்லை, விசிலும் திருடவில்லை என்று வருகிற மாதிரி ஐந்தாவதாக ஒரு பொத்தான் போட்டுத் தாருங்கள்.

மகளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். எல்லா நலமும் பெற்று, இனி யாருக்கும் மென்பொருள் கொடுக்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கோபம் தணியாத உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் பம்பைத் திறந்துவிட்டோம். தண்ணீரைத் தள்ளுகிற அந்த இம்பெல்லர் சக்கரம் விளிம்பெல்லாம் கடித்துப் போட்ட பிஸ்கட் மாதிரி இருக்கிறது. ஃபிட்டர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே நான் எழுதியதில் ஆசிகளைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நேர்கோட்டு ட்ரெண்டோடேயே அறிக்கையைக் கொடுத்துவிட்டேன், அந்த வரிக்கு அடியில் கோடும் போட்டேன். விசிலிடம் நானே போய்ச் சொன்னேன். மனிதர் சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து தானே கூட்டிவரப் போவதாகச் சொல்லிச் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

இன்னொன்று. பம்பு நல்ல நிலையில் இருப்பதாக வருடாவருடம் போகும் சான்றிதழில் என் கையெழுத்துக்கு மேலே என் மேலதிகாரியின் கையெழுத்தும் இருக்கிறது. அறிக்கையைப் படித்ததும் அவர் உங்கள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தம்பி, தம்பி என்று தேனாகப் பேசி, அந்த ட்ரெண்ட் வரியை எடுக்க வழி உண்டா என்று கேட்பார். அது பெரிய ஆராய்ச்சி, யாராலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு பொத்தான்தான் என்று அவருக்குத் தெரியவே வேண்டாம்.