தோளில் ஒரு நீர்நாய்

"படத்துல இருக்கறது நீதானேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்ப ஜீப்புல ஏறுன்னுட்டாங்க."

"வேற என்ன மாமா கேட்டாங்க?"

"சாப்ட்டியான்னு கேட்டாங்க."

வன அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் இதைச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். கதிரவன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவர் கிள்ளையில் இறால் பிடிப்பவர். அவரைப் படம் பிடித்துப் பத்திரிகை வரைக்கும் கொண்டுபோனவன் இவன்.

கதிரவனுக்குச் சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. பாஸ்போர்ட் சைஸ், பெண் பார்க்கிற படம், அவ்வளவுதான். உயிர் என்னவோ கிள்ளைக் கழிமுகத்தில் இருந்தது. மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் போய் வலை இழுப்பவர்களையும் கொக்குகளையும் நரிகளையும் எடுத்தான். நீர்நாய் மட்டும் சிக்கவேயில்லை. போன மாசியில் ஒரு சாயங்காலம், வெகுதூரத்தில், இறங்குகிற சூரியனுக்கு எதிரே, பொன்னுரங்கம் மார்பளவுத் தண்ணீரில் நின்றார். அவர் தோளில் தலை சாய்த்து ஒரு நீர்நாய்! கதிரவன் ஒரே ஒரு முறை அமுக்கினான். அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கணம் உடைந்துவிடும் என்று நினைக்கிற ரகம் அவன்.

சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் நடத்திய போட்டியில் அதற்கு முதல் பரிசு. அவனுடைய கிள்ளைப் படங்கள் எல்லாவற்றையும் புத்தகமாகப் போடுவார்கள். அட்டையில் நீர்நாய். பத்திரிகையிலும் படம் வந்தது. ரேஞ்சர் ராமாமிர்தம் அதைத்தான் மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"நீர்நாய் வளக்கறது குத்தம் தம்பி."

"வளக்கல சார்."

"காட்டு ஜீவன், பஸ்ஸுல ஏறுற மாதிரி தானா வந்து தோள்ல ஏறுமா?"

பொன்னுரங்கம் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"மாமா, நீங்க பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்ற கதிரவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "சார், அது நெஜ நீர்நாயே இல்ல. கம்ப்யூட்டர்ல ஒட்டுனது."

ரேஞ்சர் படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "நல்லாத்தான் ஒட்டிருக்க. எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தான். பொன்னுரங்கம் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாளே, படம் போட்ட பத்திரிகையின் நிருபர் விஷயம் கேட்டு அதே அலுவலகத்துக்குப் போனார். வியாழக்கிழமை, 'பரிசு வாங்கிய நீர்நாய் போலி' என்று வந்துவிட்டது. சங்கத்திலிருந்து தேவசகாயம் போன் செய்து, புத்தகத்தை நிறுத்திவிட்டோம் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

வெள்ளிக்கிழமை, மகளுக்குப் பெண் பார்க்கிற படம் எடுத்துப் போயிருந்த மங்கலம் என்பவள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள்.

"எம் பொண்ணு படத்துல என்னத்த ஒட்டுன?"

"ஒண்ணும் ஒட்டலியே அக்கா!"

"மாப்ள வூட்ல கேக்கறாங்க. நாயையே ஒட்டுனவன் மூக்க ஒட்ட மாட்டானான்னு. அனுப்பிரியா மூக்கு நெஜ மூக்குதான்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தான். அதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார், "அப்ப கண்ணுக்கு ஏன் எழுதித் தரல?" என்று கேட்டார்களாம். சனிக்கிழமை ஸ்டுடியோ வாசலில் நான்கு பெண்களின் அம்மாக்கள் நின்றார்கள்.

கதிரவன் பின்பக்கம் போய் தேவசகாயத்துக்குப் போன் செய்தான்.

"சார், படம் நெஜம். வேணும்னா கேமரா கார்டையே அனுப்பறேன்."

"அப்ப ஆபீஸ்ல எழுதிக் குடுத்தது?"

"பொய் சார்."

"சரி, அனுப்புங்க. நெஜம்னா நெஜம்னு அறிவிச்சிட்டு புத்தகம் போடுவோம். ஆனா அதை ரேஞ்சரும் படிப்பாரே, யோசிச்சிக்குங்க."

யோசித்தான். புத்தகம் வெளியே வந்தால் பொன்னுரங்கம் உள்ளே போவார். அவர் வெளியே இருந்தால் புத்தகம் வராது. இரண்டு நாள் ஷட்டரைத் திறக்காமல் இருட்டில் உட்கார்ந்திருந்தான். மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக அந்தக் கறுப்புத் தண்ணீரில் இறங்கி முழுகுவது தெரிந்தது. இனி ஆயுசுக்கும் காது தெரிகிற மாதிரி நேராக உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. அந்த நீர்நாய் யாருடைய வளர்ப்பும் இல்லை, தன்பாட்டுக்குக் காட்டில் திரிகிறது என்று இன்னொரு படம் எடுத்துவிட்டால் போதும். மாமாவும் தப்பிப்பார், புத்தகமும் தப்பிக்கும்.

செவ்வாய்க்கிழமை கிள்ளைக்குப் போனான். பொன்னுரங்கம் ஆற்றில் இருந்தார். வாசலில் அவர் மனைவி சவரியம்மாள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, மாமா தோள்ல இருந்துச்சே இந்த நீர்நாய், இது எந்தப் பக்கம் திரியும்னு தெரியுமா?" என்று பத்திரிகையை நீட்டினான்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கிவிட்டது.

"நீர்நாயா? இது எங்க வூட்டு நாயி தம்பி, டைகரு. சேத்துல பொரண்டுட்டு வந்துச்சுன்னு அவுருதான் குளிப்பாட்டத் தூக்கினு போனாரு. போன வெள்ளிக்கிழம லாரியில அடிபட்டுப் போயிடுச்சு. அது மொகத்தப் பாக்க ஒரு படங்கூட எங்ககிட்ட இல்ல. கம்ப்யூட்டர்ல நீ நல்லா ஒட்டுவியாமே, இந்தப் படத்துலேருந்து இவர எடுத்துட்டு டைகர என் தோள்ல ஒட்டித் தருவியா?"