தேயிலைக்கு இறைத்த தண்ணீர்

உரும்பிராய்,
12.09.1973

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியண்ணைக்கு,

பிள்ளையார் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். உங்கள் சுகமாவது உண்மையாக இருக்கட்டும். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இருபத்தாறு நாள் பிந்திவிட்டது. பிள்ளைக்கு மேற்பல் முளைத்தது, அதோடு வயிற்றோட்டம், அது நின்றதும் சளி. கல்லூரியில் தமிழுக்கு முதற்பரிசு எடுத்தவளின் கையிலிருந்து பேனாவைப் பறிக்கப் பத்து மாதப் பிள்ளைக்கு இவ்வளவும் போதும்.

விஷயம் இதுதான். உங்கள் மலையக இலக்கிய விழாவில் என் கதையை வாசிக்க வேண்டாம். றோணியோ மெசினில் அடித்த பிரதிகள் மிச்சம் இருந்தால் அடுப்பில் போடுங்கோ. நானும் வரமாட்டேன். இனி எழுதவும் மாட்டேன்.

கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதித் தா, தோட்டத்து வாசகர்கள் முன்னால் வாசிப்போம் என்று நீங்கள் கேட்டபோது, நான் வவுனியாவுக்கு அங்காலை போகாதவள் என்பதை நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன். தேயிலை வளருகிற விதம் தெரியாதபடியால் மாமாவிடம் கேட்டேன். நாற்பது வருஷம் புகையிலை வைத்த மனிசன், அவரைக் கேட்காமல் இந்த வளவில் ஒரு கீரையும் முளைக்காது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நெற்றியைச் சுருக்கி, "மூண்டு நாளைக்கு ஒருக்கால் இறைக்கிறதெண்டு எழுது பிள்ளை, கூட இறைச்சால் வேர் அழுகிப்போம்" என்றார். அப்படியே எழுதினேன். என் கதாநாயகி நிலம் வெளிக்க முன்னம் எழும்புவாள், இரண்டு பேர் கிணற்றுத் துலா மிதிப்பார்கள், இவள் மண்வெட்டியோடு நின்று தேயிலைப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவாள். தோட்டம் என்றால் இறைக்கிற மெசின் வைத்திருப்பார்களே என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். மெசின் சத்தத்தில் சோகம் வராது என்று நான்தான் துலாவை விட்டேன். கடைசியில் கங்காணியின் ஏச்சும் பிள்ளையின் அழுகையும் தாங்காமல் அவள் அதே கிணற்றடிக்குப் போகிறாள், தண்ணீரில் ஒரு சத்தம் கேட்கிறது, கதை முடிகிறது. எழுதிவிட்டு நானே அழுதேன், அவ்வளவு திறம் என்று நினைத்தேன்.

தங்கச்சி எழுதினது என்ற நம்பிக்கையில் நீங்களும் வாசிக்காமலே றோணியோ அடித்துத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் விழாவில் வாசகர்கள் கதையை முதலே கூடியிருந்து வாசித்துவிட்டு வருவார்கள், எழுதியவர் வாய் திறக்க முன்னம் அவர்கள்தான் பேசுவார்கள் என்ற வழக்கத்தை எனக்குக் கதை போய்ச் சேர்ந்த பிறகுதான் அறிவித்தீர்கள். அதை முதலே சொல்லியிருக்கக்கூடாதோ அண்ணை?

போன திங்கட்கிழமை, பிரதியின் அடியில் நீங்கள் போட்ட என் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இராக்காயி என்று கொழுந்து பறிக்கிற ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார். முதல் தாளில் இருந்தது இது:

"கதை ரொம்ப நல்லா இருந்துச்சுங்கம்மா. எங்க லயத்துல பதினாலு பேரு உக்காந்து கேட்டோம். அந்தக் கிணறு எந்தத் தோட்டத்துல இருக்குன்னுதான் யாருக்கும் தெரியலைங்க. எங்களுக்குப் பாறையிலருந்து பீலியில வர்ற தண்ணிதாங்க. தேயிலைக்கு யாரும் தண்ணி கட்டுறதில்லைங்க, மழையே போதும். அந்த மழையக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லித்தான் நாங்க சாமி கும்பிடுறோம்."

அதற்கு மேல் வாசிக்கத் தைரியம் வரவில்லை. அடுத்த தாள் எங்கே போனதென்றும் தேடவில்லை. கிணறு இல்லையென்றால் இறைப்பு இல்லை, இறைப்பு இல்லையென்றால் கதையே இல்லை, அவள் எங்கே போய் விழுவாள்? இவர் கடிதத்தை வாசித்துச் சிரித்து, குடித்த தேத்தண்ணி மூக்காலை வந்து, அதோடு விடாமல் வேலை செய்கிற கந்தோரிலும் போய்ச் சொல்லி, இப்போது சம்பளக் கிளாக்கர் ஒவ்வொரு நாளும் "வீட்டுக்காரி தேயிலைக்கு இறைச்சு முடிச்சிட்டாவோ" என்று கேட்கிறாராம். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம். "கிணறு இல்லாத ஊரோ, உதென்ன கதை, கிணறு வெட்ட இடம் பாத்துக் குடுக்க ஒருத்தரும் போகேல்லைப்போலை" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் அல்லவா, நல்ல தேங்காயாய் ஒன்றைத் தெரிந்து புறம்பாக எடுத்து வைத்திருக்கிறார். எதற்கென்று கேட்க எனக்குப் பயம்.

மழையிலே நனைந்து நனைந்து கொழுந்து பறித்துவிட்டு வந்து, என்ரை பொய்யைப் பதினாலு பேர் இருந்து மரியாதையாகக் கேட்டிருக்கினம். அந்தச் சனத்துக்கு முன்னாலை நான் எந்த முகத்தோடை எழும்பி நிற்கிறது?

இன்னொன்றும் சொல்கிறேன், இதை இவருக்கு எழுதிவிடாதையுங்கோ. அந்தக் கதையில் எல்லாம் பொய், கிணறு மட்டும் பொய்யில்லை. அது எங்கள் வளவுக் கிணறு. பிள்ளை விடாமல் கத்தின நாட்களில் வாளியைப் பிடித்தபடி நான் கனநேரம் நின்ற இடம். பார்த்து எழுதினது அது ஒன்றுதான், அதுதான் அங்கே இல்லையாம்.

ஆகையால் கதையை எரித்துவிடுங்கோ. குளிரில் சுடுதண்ணீரில் குளியுங்கோ. மச்சாளுக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு முத்தங்களையும் கொடுத்து, விழா என்னை விட்டுவிட்டு நல்லபடியாக நடக்க வேண்டுமென்று வேண்டுகிற,

உங்கள் அன்புத் தங்கை,
பத்மாசினி

பி.கு.: தபாலுறையை எடுக்கப் பாயை உதறினேன், இராக்காயியின் இரண்டாம் தாள் விழுந்தது. ஒரு மூலையைப் பிள்ளை சப்பித் தின்றுவிட்டாள். மிச்சம் இது: "கிணறு இல்லாததால அவ சாகலைன்னு நாங்க பதினாலு பேரும் முடிவு பண்ணிட்டோம். அந்த நேரத்துக்குக் கைக்குழந்தைகளப் பாத்துக்கிற பிள்ளை மடுவத்துலருந்து பால் குடுக்கக் கூப்பிட்டிருப்பாங்க, அவ போயிருப்பா. எழுதின அம்மாவுக்குக் கைப்பிள்ளை இருக்குதுங்களா? இருந்தாத் தூக்கிட்டு வாங்க. நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்கிறோம், நீங்க கொஞ்சம் தூங்குங்க."

அண்ணை, கதையை எரிக்க வேண்டாம். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழியுங்கோ, புதுசு நான் கொண்டு வாறன். விழாவுக்கு முதல்நாள் பொல்காவலையில் ரயில் மாறி வருவோம். பிள்ளைக்கு ஒரு கம்பளி எடுத்து வையுங்கோ. மாமாவும் வாறார், தேங்காயோடை. இராக்காயி அக்காவுக்கு முதலே சொல்லி வையுங்கோ.