சிறப்புரையிலிருந்து முன்னிலைக்கு

அடி அண்ணாமலை
16.3.1998

வேங்கிக்கால் தமிழ்மன்றச் செயலாளரும் என் இல்லாள் உண்ணாமலையின் தம்பியுமாகிய முருகவேலுக்கும், அவர் வழியே மன்றத்துப் பெருமக்கள் அனைவர்க்கும், புகழேந்தியின் வணக்கம். யாவரும் நலம்தானே.

கேளுங்கள், பெரியோர்களே. எனக்குக் கொடுமை இழைக்கப்பட்டிருக்கிறது. முப்பதாண்டுகளாக உங்கள் அழைப்பிதழில் "சிறப்புரை"க்குக் கீழே இருந்த என் பெயர், இம்முறை "முன்னிலை"க்குக் கீழே கிடக்கிறது. முன்னிலை என்றால் என்ன? நாற்காலியில் அமர்ந்து, சோடா குடித்து, கைதட்டிவிட்டுப் போவது. "மாமாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றீராம், முருகவேல். புற்றுநோய் பற்றியது கேடயச் சுரப்பியை; மருத்துவர் தைராய்டு என்கிறார். அதைத்தான் அகற்றினார். தமிழை அகற்றவில்லை.

விடியலில் வெறும் வயிற்றில் மாத்திரை, சுண்ணாம்புச் சத்துக் குறைந்து மரத்துப்போகும் விரல்கள், நான்கு படி ஏறினால் இளைப்பு, எல்லாம் பொறுத்தேன். குரல்தான் காற்றாய் மெலிந்துவிட்டது. ஆறு திங்களில் தேறும், அதுவரை அளவாகப் பேசுக என்றார் மருத்துவர். அளவாகப் பேச நான் எங்கே கற்றேன்? வாய்மூடி வாசலில் அமர்ந்தேன். சட்டைக் கழுத்து புண்ணை உரசியதால் வெற்றுடம்பு. தழும்பில் கத்தி படலாகாதென்று மழிக்காத தாடி. முழுநிலவு நாள், கிரிவலக் கூட்டம் என் முன் நின்றது. பக்கத்துக் கற்பூரக் கடைக் காசி, "சாமி பன்னெண்டு வருஷமா மௌனம். கழுத்துல பாருங்க, பாம்பு சுத்துன தழும்பு" என்று விளக்கமளித்தான். நான் சாமியார் அல்லேன் என்று கையுயர்த்தி முழங்கினேன்; காற்றுதான் வந்தது. "சாமி ஆசீர்வாதம் பண்ணுது" என்று ஒருவர் காலில் விழுந்து வாழைப்பழம் வைத்தார். உம் அக்காள் அதைக் கூடையில் அடுக்கியபடியே, "இத்தினி வருஷம் கத்திக் கத்தி என்னத்த கொண்டாந்தீங்க, சால்வைதானே? கம்முனு இருந்தா பாருங்க, வூட்டுக்குப் பழமாவது வருது" என்றாள்.

வாய்மூடியவனை வணங்கும் தெருவில் எனக்கு எஞ்சிய ஒரே இடம் உங்கள் மேடை. ஆகவே, முருகவேல், இன்றே அச்சகத்துக்குச் செல்க. அழைப்பிதழைத் திருத்துக. இருபத்தேழாம் நாள் வெள்ளியன்று ஒலிவாங்கியை என் உதட்டருகே நிறுத்துக.

குழந்தைகள் நோயின்றி வளர்க.

உரிமையுடன்,
புகழேந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கீழ்நாத்தூரிலிருந்து சந்திரம்மாள் என்ற அம்மையார் வந்தார். பழம் கொண்டுவரவில்லை, தழும்பையே உற்றுப் பார்த்தார். அவருக்கும் இதே கட்டி, இதே அறுவை. "நான் தெருத்தெருவா காய் கூவி விக்கறவ. ஊமையா பூடுவேன்னு எல்லாரும் சொல்றாங்க. பேச்சு வருமாங்க?" என்றார். "வரும்" என்றேன். "சத்தம் கம்மியாத்தான் இருக்குது. பரவால்ல, இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவருக்கு அறுவை அதே வெள்ளியன்று. மயக்கம் தெளியும்போது நான் எதிரே நின்று அதைச் சொல்ல வேண்டுமாம். எனவே அச்சகத்துக்குப் போக வேண்டாம். முன்னிலையிலிருந்தும் என் பெயரை அடித்துவிடுக.