மழைமனங்களைத் தேடிய தனிஸ்லாஸ்

நம்மிடையே ஓர் இனம் சத்தமில்லாமல் பெருகி வருகிறது. ஒத்தமனந்தேடி என்று அதற்குப் பெயர் வைக்கலாம். பார்த்தால் தெரியாது. சாப்பிடும், வேலைக்குப் போகும், பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்று சில்லறைக்குச் சண்டை போடும். ஆனால் உள்ளே ஒரு குறை ஓடிக்கொண்டே இருக்கும்: இந்த வீட்டில், இந்தத் தெருவில், இந்த ஊரில் என்னைப் புரிந்துகொள்ள ஆளில்லை, ஆனால் உலகத்தில் எங்கோ இருக்கிறான், நான் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தால் என்றைக்காவது படித்துவிட்டு 'அண்ணே!' என்று ஓடி வருவான். இந்த இனத்தில் மாடித்தோட்டக் கிளை உண்டு, பழைய நாணயக் கிளை உண்டு, சிறுதானியக் கிளை உண்டு, பூனைக் கிளை உண்டு. தனிஸ்லாஸ் மழைக் கிளை.

வில்லியனூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் அவர் வீடு. வேலை, திருவாண்டார்கோயில் பக்கத்தில் ஒரு சோப்புக் கம்பெனியின் கணக்குப் பிரிவில். அந்தக் கம்பெனியில் எல்லா வசதியும் உண்டு, ஜன்னல் மட்டும் கிடையாது. மழையென்றால் உயிரை விடுகிற ஒரு மனிதரை, வெளியே பெய்கிறதா காய்கிறதா என்றே தெரியாத ஒரு டப்பாவுக்குள் டியூப் லைட்டின் கீழ் பகலெல்லாம் உட்கார வைத்தால் என்ன ஆவார்? சாயங்காலத்தில் எழுத்தாளர் ஆவார். ஆனார்.

அதற்கு முன் வீட்டிலேயே ஓர் ஒத்த மனம் கிடைக்குமா என்று பார்க்காமல் இல்லை. மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "செலின், மேல வந்து பாரேன், மேக்கால இன்னாமா கட்டிக்கினு வருது பாரு!" என்று கூப்பிடுவார்.

மனைவி செலின் மேரி கீழேயிருந்து குரல் கொடுப்பார். "துணி காயப் போட்டிருக்கேன். எடுக்கணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

"நான் அழகப் பத்திச் சொல்றேன்."

"அழகுல நனைஞ்ச துணிய நீங்களா புழிஞ்சு போடப் போறீங்க?"

இதற்கு மேல் ஒரு மனிதர் வீட்டில் என்ன பேச முடியும்? முகநூலில் 'மழைமனம்' என்று ஒரு பக்கம் திறந்தார். கூடவே அதே பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு. 'இன்று மாலை ஊசுட்டேரிக்கு மேலே ஒரு கருமேகம் வந்து நின்றது. எதற்கு வந்தாய் என்று நான் கேட்கவில்லை. எதற்குப் பார்க்கிறாய் என்று அதுவும் கேட்கவில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா, நண்பர்களே?' இப்படி எழுதுவார். அடியில் ஒரு சாட்டிலைட் படமும், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு வரியும், நாளை மழை வருமா வராதா என்று ஓர் ஊகமும் சேர்ப்பார். ஊகம் அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனால் ஒரு கார்த்திகை மாதத்தில் அடுத்தடுத்துப் பலித்துத் தொலைத்தது. கூட்டம் வந்துவிட்டது.

யார் வந்தார்கள்? மண்ணாடிப்பட்டிலிருந்து மரக்காணம் வரைக்கும் ஆட்கள் வந்தார்கள். 'உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா' என்ற கேள்விக்கு நவீன்குமார் என்ற வாத்தியார் பதில் போட்டார்: 'சார், நாளைக்கு லீவா?' அடுத்தவர், 'எங்க கொம்யூன் பஞ்சாயத்துக்கு மட்டும் லீவு உண்டா சார்?' அதற்கடுத்தவர், 'சார், பதினெட்டாந்தேதி வூட்டுக்கு காங்கிரீட் போடறோம், போடலாமா?' வளைகுடாவில் வேலை பார்க்கும் அருண் சேவியர் மட்டும் எதுவும் கேட்பதில்லை. தனிஸ்லாஸ் எதை எழுதினாலும் அடுத்த நொடி ஒரு சிவப்பு இதயம் போட்டுவிடுவார். 'எனக்குக் காய்ச்சல், இன்று பதிவு கிடையாது' என்று எழுதியதற்கும் போட்டார்.

ஒத்த மனங்களைத் தேடுகிறவர் முதலில் கதவைத் திறப்பார். திறந்த பிறகுதான் யார் யார் உள்ளே வந்துவிட்டார்கள் என்று திகைப்பார். பிறகு சட்டம் போடுவார். இது இந்த இனத்தின் இயல்பு. மழைமனத்திலும் சட்டங்கள் பிறந்தன. லீவு கேட்கக் கூடாது. காலை வணக்கம் கூடாது. மழையைப் பழிக்கக் கூடவே கூடாது. 'பெருமழையைவிடத் தூறல்தான் அழகு' என்று சொன்ன ஒரு பாவப்பட்ட மனிதருக்கு எச்சரிக்கை விடப்பட்டது. பாகூர் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கும் சுப்புராயன் என்பவர், 'சனியன் புடிச்ச மழ, எப்பதான் உடும்?' என்று எழுதியபோது எச்சரிக்கைக்கே இடமில்லை. அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார் தனிஸ்லாஸ். தூக்கிவிட்டு, மனது லேசானதாகச் செலினிடம் சொன்னார்.

"இன்னா, கொலயா பண்ணிட்டீங்க? காபி ஆறுது" என்றார் செலின்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த மனிதர் தனியாகத்தான் இருந்தார் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவரும் ஒருநாள் கவனித்தார். குழுவில் ஆள் நிரம்பி வழிகிறது. மாடியில் நிற்பது அவர் மட்டும். அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. வைகாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடிமழைக்கு நல்ல வாய்ப்பிருக்கிற மத்தியானமாகப் பார்த்து, மழைமனத்தார் அத்தனை பேரும் பாகூர் ஏரிக்கரையில் நேரில் கூடுவது, சேர்ந்து நனைவது. 'குடை கொண்டுவருவோர் அனுமதிக்கப்பட மாட்டார்கள்' என்று முடித்திருந்தார். இதயங்கள் கொட்டின. 'கண்டிப்பா வரேன் சார்', 'குடும்பத்தோட வரேன் சார்', 'இதுக்காகத்தான் சார் காத்துக்கினு இருந்தேன்.'

தனிஸ்லாஸ் நம்பினார். அதை நினைத்துச் சிரிக்காதீர்கள். அந்த வாரம் முழுக்க அவர் கம்பெனியில் எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். புதுச் சட்டை வாங்கினார், அதுவும் நனைந்தால் சாயம் போகாததாகக் கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் செலின் மேரி முணுமுணுத்துக்கொண்டே ஓர் அன்னக்கூடை நிறையப் புளிசாதம் கிளறிக் கட்டிக் கொடுத்தார்.

மழை வாக்குத் தவறவில்லை. அவர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் தெற்கே இருட்டியது, மண்வாசனை கிளம்பியது, பனைமட்டைகள் சலசலத்தன, பிறகு வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அவர் வாழ்நாளில் சொன்ன ஊகங்களிலேயே துல்லியமானது அதுதான். அதனால்தான் ஒருவரும் வரவில்லை.

கைப்பேசியைச் சட்டைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு படித்தார். 'சார், இங்க செம மழ, வண்டிய எடுக்க முடியல.' 'குடையும் வேணாம்னுட்டீங்க, எப்புடி சார் வர்றது?' 'பிள்ளைங்களுக்குச் சளி புடிச்சுக்கும்னு வூட்ல வுட மாட்டேன்றாங்க சார். மீட்டிங் நல்லா நடக்கட்டும்.' அருண் சேவியர் வளைகுடாவிலிருந்து இதயம் போட்டிருந்தார்.

தனிஸ்லாஸ் அப்படியே நின்றார். மேலே மழை, கீழே மழை, எதிரே ஏரி கொள்ளாத மழை. வேறொரு நாளாக இருந்தால் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருப்பார். அன்றைக்கு அது வெறும் தண்ணீராக இருந்தது. குளிர்ந்தது. வீட்டுக்குப் போய் அன்னக்கூடையைச் செலினிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று மட்டும் யோசித்தார்.

அப்போது கரைமேல் ஒரு மொபெட் தடுமாறிக்கொண்டு வந்தது. யூரியா சாக்கை மடித்து மழைக்குக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்த ஒருவர் இறங்கினார்.

"மழமனம்னு குரூப்பு நடத்தறது நீதானா?"

தனிஸ்லாஸ் முகத்து நீரை வழித்துவிட்டுக்கொண்டு எதிரே ஓடினார். "நான்தாங்க! வாங்க, வாங்க! நீங்க..?"

"சுப்புராயன். சூளக்காரன். இன்னாத்துக்குயா என்னத் தூக்குன?"

ஊர் ஊராக எழுதித் தேடியதில் நேரில் வந்து நின்ற ஒரே மனிதர் இவர். மழையைச் சனியன் என்றவர்.

"நீங்க மழயத் திட்டனீங்க..."

"திட்டாம? கொஞ்சுவாங்களா? அந்தாண்ட பாரு, அறுத்துப் போட்ட கல்லு அத்தனையும் கரயுது. நீ இன்னிக்கி மழன்னு போட்டது எனக்குத் தெரிஞ்சிருந்தா நேத்தே மூடியிருப்பேன். எம்பொண்ணு உன் குரூப்புல கீது, அது இப்பதான் காட்டிச்சு. கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

கரைக்குக் கீழே சூளை தெரிந்தது. இன்னும் சுடாத பச்சைக் கற்கள் வரிசை வரிசையாக விளிம்பு மழுங்கிச் சேறாகிக்கொண்டிருந்தன. நாலைந்து பேர் ஒரு பெரிய தார்ப்பாயோடு காற்றில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் ஒரு மூலை பிடிக்க ஆளில்லாமல் படபடத்தது.

"நின்னுக்கினே இருந்தா எப்புடி? வந்து புடி" என்றார் சுப்புராயன்.

மழைமனம் குழுவின் நிறுவனர் இறங்கி ஓடினார். புதுச் சட்டையோடு இரண்டு முறை வழுக்கி விழுந்தார். தார்ப்பாயின் மூலையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, "அய்யோ, உடாதீங்க, உடாதீங்க, தண்ணி பூருது!" என்று மழைக்கு எதிராகக் கத்தினார். பாதிக் கல் தப்பியது.

பிறகு எல்லோரும் சூளைக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அன்னக்கூடை திறக்கப்பட்டது. கல் அறுக்கும் தனக்கொடி சாதத்தை வாங்கிக்கொண்டு, "இன்னா சார் விசேஷம்?" என்றாள்.

"மழைக்கும்மா."

"மழைக்கா? இன்னிக்கி எங்க வேலையே போச்சு, அதுக்குச் சோறா?" என்று சிரித்தாள். இன்னொரு முறையும் வாங்கிக்கொண்டாள்.

சுப்புராயன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "ஏன்யா, மழன்னா உனக்கு அவ்ளோ புடிக்குமா? ஏன்?"

தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். இத்தனை காலம் எழுதியதில் இந்தக் கேள்வியை யாருமே அவரிடம் கேட்டதில்லை. மேகம், மௌனம் என்று எழுதிய எதுவும் நாக்குக்கு வரவில்லை.

"தெரியலபா. பெய்ஞ்சா நல்லா கீது."

"அவ்ளோதானா? இதுக்கா அவ்ளோ எழுத்து?"

மழை விடும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். விட்ட பிறகும் போட்டார்கள். கிளம்பும்போது, குழுவில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகத் தனிஸ்லாஸ் பெருந்தன்மையோடு சொன்னார்.

"வேணாம் சாமி. நாளைக்கே திருப்பித் தூக்குவ. பேசணும்னா இங்க வா."

வருவதாகச் சொல்லிவிட்டுத் தனிஸ்லாஸ் கிளம்பினார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறார். இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகவில்லை. போகாத வாரம் இரண்டு பேருக்கும் என்னமோபோல் இருக்கிறது.

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டியதும் குழுவில் எழுதினார்: 'கூடல் இனிதே நடந்தது. வந்து நனைந்த உள்ளங்கள் அனைவருக்கும் நன்றி.' ஐந்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. 'மறக்க முடியாத நாள் சார்.' 'நானும் வந்திருந்தேன் சார், கூட்டத்துல உங்கள நெருங்க முடியல.' 'சாப்பாடு சூப்பர் சார்.'

தனிஸ்லாஸ் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டார்.

படித்து முடித்துவிட்டீர்களா? 'அடடா, அப்படியே நம் இன்னாரேதான்' என்று தோன்றுகிறதா? இதை உடனே யாருக்காவது அனுப்ப வேண்டும், உங்களைப் போலவே ரசிக்கத் தெரிந்த, எங்கோ தூரத்தில் இருக்கிற ஒருவருக்கு அனுப்பி, அவர் என்ன சொல்கிறார் என்று திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று விரல் துடிக்கிறதா?

அனுப்புங்கள், தடுக்கவில்லை. அதற்கு முன் ஒரு சின்ன காரியம். பக்கத்து அறையிலிருந்து உங்களை யாரோ ரொம்ப நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னவென்று கேளுங்கள்.