எவேலியோ பெயர் தேடிப் பொருத போர்

மக்தலேனா மாநதியின் மணற்றிட்டு ஒவ்வொன்றையும் மனத்துள் வரைந்து வைத்தவனே, வாழ்நாளெல்லாம் படகு செலுத்தியும் ஒருகாலும் தரைதட்டாத தனிப்பெருஞ் சுக்கானே, மொம்போஸ் நகர் எவேலியோ, வாழி! எழுபத்தாறு வயதில் நீ பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தேன். என் நாவே, நீயாவது தடுமாறாதே!

போருக்கு மூலம் அவன் மகள் நூபியா. தலைநகர் பொகோட்டாவிலிருந்து புதுக்கணவனோடு வந்திறங்கியவள், முதுமை வந்தாலே மூளை போயிற்று என்று முடிவுகட்டியிருந்தாள்.

"அப்பா, இன்னும் ஒரு பேரு மறந்தீங்கன்னா, வீட்டைப் பூட்டிட்டு என்கூடக் கிளம்பிடணும்!"

படகோடும் நதியற்ற, கம்பளிக்குள் காலந்தள்ளும் அக்குளிர்நகரை எண்ணி வீரன் குலைநடுங்கினான்.

அந்நேரம் பார்த்துத் தேவாலய வாயிலினின்று, வெண்குடை கவித்து, யானைப்படை பெயர்ந்தாற்போல் ஒரு மூதாட்டி சதுக்கம் கடந்து வந்தாள்; மகள் மருமகனோடு அங்கே நின்ற அவனை நோக்கிக் கையசைத்தாள்.

எவேலியோ நினைவுக்கோட்டையின் கதவுகளையெல்லாம் திறந்தான். மஞ்சள் பாவாடை சுழல அவள் ஆடிய திருவிழா வந்தது. அவன் படகில் அவள் வாந்தியெடுத்துப் பாதிரியாரின் வெள்ளங்கியை நனைத்த வைபவம் வந்தது. அவள் கணவன் பல்மருத்துவரின் மனைவியோடு ஓடிய நாள், அன்று பெய்த மழை உட்பட, வந்தது. பெயர் வரவில்லை. எர்மினியா என்னும் அவள் தங்கையின் பெயர் கோட்டைவாயிலில் குந்திக்கொண்டு, மெய்ப்பெயரை வெளிவிடாது மறித்தது. எழுத்துகளை அணியணியாய் ஏவினான். அத்தனையும் வெறுங்கையோடு மீண்டன. வியர்வைப் பேரருவி மீசைக்காட்டை மூழ்கடித்தது.

"எவேலியோ!" வந்தேவிட்டாள்.

"வா, என் மகாராணி!" என்று தழுவிக்கொண்டான்.

"யாருப்பா இவங்க?" என்றாள் நூபியா, வேலோங்கிய வெற்றிமகளாய்.

வீரன் தலைநிமிர்ந்தான். "பேரு வரல. ஆனா இவ என் படகுல யார் மேல வாந்தி எடுத்தான்னு கேளு, சொல்றேன்!"

மூதாட்டி குலுங்கிச் சிரித்தாள். "அடப்பாவி, அதை மட்டும் மறக்க மாட்டியே! பேரு நாக்கு நுனியில நிக்கறதெல்லாம் நோயில்லம்மா. எனக்கும் நிக்கும், உனக்கும் நிக்கும். தன் வீட்டுக்கு வழி தெரியாம நின்னான்னா சொல்லு, அப்ப டாக்டர்கிட்ட போலாம். அது கிடக்கு, இந்த ராசா யாரு?"

"என் வீட்டுக்காரர், ஃபாபியோ" என்றாள் நூபியா பெருமிதத்தோடு.

"ஆல்வரோ" என்றான் கணவன். "ஃபாபியோ முந்தின ஆளு."

பொகோட்டாப் பேச்சு அக்கணமே வேரற்று வீழ்ந்தது. செவி சிவந்த மகளும் மருமகனும் பின்தொடர, வேழம் வென்ற வேந்தனென எவேலியோ தன் வீடு திரும்பினான்.

சாயங்காலம் வாழைக்காய் பொரிக்கும்போது ஞாபகம் வந்தது, அவள் பெயர் எர்சிலியா.