பம்பரம் நின்று போனது

தேநீர்க் குவளையோடு அறைக்குள் மெக்கானிக் எட்டிப் பார்த்தபோது, லேப்டாப் திரையில் எல்லாரும் நின்று போயிருந்தார்கள்.

திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிள்ளைகள். ரெட்டைப் பின்னல் போட்ட பெண் வாயைப் பிளந்தபடி நின்றாள். கண்ணாடி போட்ட பையன் ஒற்றைக் காலில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றான். பொக்கைப் பல் சிறுமி ஒருத்தி யாரையோ அறையப் போனவள் பாதியில் நின்றிருந்தாள். மேல் கட்டத்தில் நாடக சார். வலது கை தலைக்கு மேலே, வாய் பாதி திறந்து, ஒரு கண் அரைகுறையாக மூடி, தும்மல் வரப்போகிற முகத்தோடு அப்படியே இருந்தார். சத்தம் என்று ஒன்றுமே இல்லை.

லேப்டாப்புக்கு எதிரே மெக்கானிக்கின் மகள் நின்றிருந்தாள். ஒரு கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் திரையைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, நின்னு போச்சா?" என்று கேட்டார் மெக்கானிக்.

மகள் பதில் சொல்லவில்லை. அதுதான் விரலே சொல்கிறதே, வாய் வேறு சொல்ல வேண்டுமா?

லிப்ட் பழுது பார்க்கிறவரிடம் 'நின்னு போச்சு' என்று யாராவது சொன்னால் போதும், கை தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். ஆனால் இன்று அவருக்கு விடுமுறை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி காலையில் கிளம்பும்போதே வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஏங்க, ஆன்லைன் கோடை வகுப்புக்கு இன்னிக்குக் கடைசி நாள். பள்ளிக்கூடம் திறந்ததும் போடப்போற நாடகத்துல மெயின் வேஷம் யாருக்குன்னு இன்னிக்குத்தான் முடிவு பண்றாங்க. உங்க பொண்ணு சோறு தண்ணி இல்லாம அதையே நினைச்சுக்கிட்டிருக்கா. தயவுசெஞ்சு நீங்க எதையும் ரிப்பேர் பண்ணாதீங்க."

"நான் என்னடி பண்ணப் போறேன்?"

"போன வாரம் கைவினை கிளாஸ்ல அவ அட்டையில செஞ்ச முகமூடிக்கு நட்டு போல்ட்டு போட்டீங்களே, அந்த மாதிரி எதையும்."

"அதுக்கப்புறம் அது கழண்டு விழுந்துச்சா?"

"கழட்டவே முடியலையேங்க! பிள்ளை அதோடயே சாப்பிட்டா!"

மெக்கானிக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். மகள் மேடை ஏறுகிற ஒவ்வொரு தடவையும் ஊரில் எங்கேயாவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொள்வார்கள். அவர்களைக் கீழே இறக்கிவிட்டு இவர் ஓடி வருவதற்குள் நாடகம் முடிந்து, மகள் பவுடரைக் கழுவிக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. இந்தத் தடவையாவது அவளுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை.

இப்போது பாருங்கள், முடிவு சொல்லப் போகிற நேரத்தில் நெட் நின்றுவிட்டது. வீட்டில் ஒரு மெக்கானிக் இருந்தும் பிள்ளைக்கு வேஷம் போச்சு என்றால் ஊர் சிரிக்காதா?

"நீ கவலைப்படாதம்மா, அப்பா இருக்கேன்ல" என்றபடி மேஜைக்கு அடியில் புகுந்தார். அங்கே இருந்த ஒயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்தார். வெளியே வரும்போது தலை மேஜையில் 'டங்' என்று இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்த்தால், பொக்கைப் பல் சிறுமியின் கட்டம் இருண்டு கிடந்தது.

"அடடா, ஒண்ணு போயிடுச்சே!"

சிக்னல் போதவில்லை போலிருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த மோடத்தைக் கழற்றி எடுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஒயர் எட்டிய வரைக்கும் இடது பக்கம் சாய்ந்தார், பிறகு வலது பக்கம் சாய்ந்தார். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. மகளுக்குப் பின்னால் மோடத்தோடு சேர்ந்து அவர் ஆடிய ஆட்டத்தில் இடுப்பு லுங்கி வேறு நழுவப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் டப் டப்பென்று நான்கைந்து கட்டங்கள் இருண்டன.

"என்னடா இது, தொடத்தொடப் போகுது!"

மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலையும் இறக்கவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தார் மெக்கானிக். கோபம் வந்தால் அவள் காலை உதைப்பாள், தலையணையை வீசுவாள், வீட்டைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடுவாள். வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். தூக்கத்தில்கூடக் கட்டிலின் இந்த முனையில் படுத்து அந்த முனையில் எழுந்திருப்பவள். அந்தப் பம்பரமா இப்படி ஒரே இடத்தில் நிற்கிறது?

ஸ்டூலிலிருந்து இறங்கி அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். கண் அசையவில்லை. விரலைச் சொடுக்கினார். அப்போதும் அசையவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் மட்டும் தளும்பி நின்றது.

மெக்கானிக்குத் தலை சுற்றியது. நெட் நின்றால் படம் நிற்கும், சரி. பிள்ளை எப்படி நிற்கும்?

பதறிப்போய் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டார். பாட்டெல்லாம் பாடி முடித்துவிட்டு ஒரு பெண் பேசினாள்.

"சார், செக் பண்ணிட்டேன். உங்க லைன் ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா என் பொண்ணு ஏம்மா அசையாம நிக்கிறா?"

"படம் அசையலையா சார்?"

"படமும் அசையல, பொண்ணும் அசையல."

"பொண்ணு படத்துலதானே சார் இருக்காங்க?"

"இல்லம்மா, வீட்டுல இருக்கா. என் பக்கத்துலயே நிக்கிறா."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சார், அது எங்க சர்வீஸ்ல வராது" என்று சொல்லிவிட்டு, அழைத்ததற்கு நன்றியும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மெக்கானிக் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். லேசாக வியர்த்திருந்தது. நீட்டிய கையைத் தொட்டால் கட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னத்தை ரிப்பேர் பண்ணீங்க?" என்றுதான் அவள் எடுத்ததுமே கேட்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணல. பம்பரம் அசையாம நிக்கிறாடி."

"யாரு?"

"நம்ம பம்பரம். பேச மாட்டேங்கிறா, கண்ணைச் சிமிட்ட மாட்டேங்கிறா. கல்லு மாதிரி நிக்கிறா."

"விளையாடாதீங்க. வயித்துல இருந்தப்பவே அவ சும்மா இருந்ததில்லை!"

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

"ஐயோ! முகத்துல தண்ணி தெளிங்க. நான் இதோ வர்றேன்!"

மெக்கானிக் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். அவசரத்தில் தெளிக்கத் தோன்றவில்லை. மொத்தமாக ஊற்றினார். மகளின் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவள் அசையவில்லை. தரையில் கொட்டிய தண்ணீரில் மெக்கானிக்தான் வழுக்கி, சொம்போடு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. அது அவரைச் சுமந்துகொண்டு அறையின் கோடி வரை போய் அலமாரியில் மோதி நின்றது.

அலமாரி மேலிருந்து எதுவோ அவர் மடியில் விழுந்தது. நட்டு போல்ட்டு போட்ட அந்த முகமூடி.

எழுந்து வந்து திரையைப் பார்த்தார். ரெட்டைப் பின்னலும் போய்விட்டாள். ஏறக்குறைய எல்லாக் கட்டமும் இருட்டு. மகளின் கட்டத்தை விட்டால், ஒற்றைக் காலில் நிற்கும் கண்ணாடிப் பையனும் நாடக சாரும் மட்டுமே மிச்சம்.

இனிமேல் யோசிக்க நேரமில்லை. எல்லா வித்தையும் தோற்றுப்போனால் லிப்ட் மெக்கானிக்குகள் செய்கிற கடைசி வித்தை ஒன்று இருக்கிறது. மெயினை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுவது. அதற்கு மசியாத லிப்ட்டை அவர் இதுவரை பார்த்ததில்லை. நெட்டும் சரியாகும், அந்தச் சத்தத்தில் பிள்ளைக்கும் சுயநினைவு வரலாம்.

கதவுக்குப் பக்கத்திலிருந்த மெயின் பெட்டியைத் திறந்து சுவிட்சில் கையை வைத்தார்.

"அப்பா! வேணாம்!"

பம்பரம் ஒரே தாவில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"கண்ணு! வந்துட்டியா! சரியாயிடுச்சா?" மகளை வாரி அணைக்கப் போனார்.

மகள் அவரைத் தள்ளிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"போங்கப்பா! நான் அவுட்டு! உங்களால நான் அவுட்டு!"

"என்ன அவுட்டு? எதுல அவுட்டு?"

"சிலைப் போட்டிப்பா! சார் 'சிலை'ன்னு சொன்னா அப்படியே நிக்கணும். அவர் கை தட்டுற வரைக்கும் அசையக் கூடாது. அசைஞ்சவங்க கேமராவை அணைச்சிடணும்."

"அதுக்கும் வேஷத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நாடகத்துல மெயின் வேஷமே சிலைதாம்பா! நாலு தெரு கூடுற இடத்துல நிக்கிற சிலை. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்துட்டுக் கடைசியில உயிரோட எறங்கி வரும். யாரு ரொம்ப நேரம் அசையாம நிக்கிறாங்களோ அவங்கதான் சிலை. நீங்க மோடத்தைத் தூக்கிக்கிட்டு ஆடினதுல எல்லாரும் சிரிச்சு அவுட்டு. நாற்காலியில போனதுல ரெட்டைப் பின்னலும் அவுட்டு. நான் மட்டும் உள்கன்னத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். தண்ணி ஊத்துனீங்க, அப்பகூட நின்னேனேப்பா!"

மெக்கானிக் மெயின் பெட்டியை மெதுவாக மூடினார். மகள் எழுந்து போய், விதிப்படி தன் கேமராவைத் தானே அணைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மெக்கானிக் அவள் நடிப்பை ஆரம்பம் முதல் கடைசி வரை பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறார். பார்த்ததுதான் அவருக்குத் தெரியவில்லை.

கேமராவை மறுபடி போடச் சொல்லி, லேப்டாப்புக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"சார், தப்பு முழுக்க என்மேலதான். பிள்ளைமேல ஒரு குத்தமும் இல்ல. நான் லிப்ட் மெக்கானிக் சார். எது நின்னாலும் எனக்குப் பொறுக்காது. தயவுசெஞ்சு அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் குடுங்க."

நாடக சார் கையைத் தூக்கியபடியே இருந்தார். அரைக் கண் மூடியே இருந்தது.

"கோபமா இருக்காரோ?" என்று மகளிடம் கிசுகிசுத்தார் மெக்கானிக்.

"இல்லப்பா. சாரும் எங்களோட சிலையா நிக்கிறாரு. முடிஞ்சா கை தட்டுவாரு."

அதற்குள் மனைவி மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தாள். நனைந்த மகளையும் தரையில் கிடந்த சொம்பையும் மோடத்தையும் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எதையும் ரிப்பேர் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"நெட் நின்னு போச்சுன்னு நினைச்சேன்டி."

"நெட்டாம் நெட்டு! எதைப் பார்த்தாலும் உங்களுக்கு நின்னு போனதாத்தான் தெரியும்." அவள் திரையில் இருந்த சாரைப் பார்த்தாள். கோபம் போய் முகத்தில் ஒரு பக்தியே வந்துவிட்டது. "அவரைப் பாருங்க. வாத்தியார்னா அவரு வாத்தியார். இமைக்கிறாரா? மூச்சு விடுறதாவது தெரியுதா? உங்களால ரெண்டு நிமிஷம் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுதா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணாடிப் பையனின் கட்டத்துக்குள் அவன் அம்மா வந்து நின்றாள். "சார், எங்க பையன்தானே கடைசி? முடிவைச் சொல்லிடுங்க சார், பாவம், கால் மரத்துப் போயிருக்கும்."

சார் அதற்கும் அசையவில்லை. பையன் நீட்டிய நாக்கை உள்ளே இழுக்காமல் வைராக்கியமாக நின்றான். பம்பரம் அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள். மெக்கானிக் நாடக சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் ஒரு மனுஷன் அசையாமல் இருக்க முடியுமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

திடீரென்று நாடக சாரின் தலை வெட்டிக்கொண்டு ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. தூக்கிய கை மாயமாகி முகத்துக்கு வந்து வியர்வையைத் துடைத்தது. அரைக் கண் முழுசாகத் திறந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மன்னிச்சுக்குங்க பிள்ளைங்களா, 'சிலை'ன்னு சொல்லி வாய மூடல, எங்க வீட்டுல நெட் நின்னு போச்சு, இப்பத்தான் வருது... நான் வர்றதுக்குள்ள யாரும் போட்டியை ஆரம்பிச்சிடலையே?"