அசையாத இரண்டே முக்கால் நிமிடம்

எனக்குப் படம் எடுக்கத் தெரியும் என்று நாற்பது வருடங்களாக ஊரை நம்ப வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஆவணப்படம் என்கிறார்கள். நான் தொழிலுக்கு வந்தபோது துண்டுப்படம் என்போம். கரும்பாலை, ரயில் பாலம், அம்மை ஊசி என்று நானே இயக்கி, நானே தயாரித்த படங்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். (மேடையில் மாலை விழுந்தால் அது ஐம்பதாகிவிடும்.) எந்த மேடையிலும் நான் வாய் திறக்காத படம் ஒன்று உண்டு. அதுதான் என் முதல் படம்.

அது யுத்த காலம். சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் காமிராப் பிரிவில் மூன்றாவது உதவியாளனாக இருந்தேன். காமிராவைத் துடைப்பதும் தூக்குவதும் என் வேலை. ஆனால் எங்கள் ஊரான புதுச்சத்திரத்துக்கு விடுமுறையில் போனால் நான் அளக்கிற அளப்பைக் கேட்டு, காமிராவைக் கண்டுபிடித்தவனே தன் தம்பிதான் என்று எங்கள் பாவாயி அக்கா நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்போது மதராஸிலிருந்து ஒரு துண்டுப்படக்காரர் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருக்கு ஓர் உதவி டைரக்டர் தேவைப்பட்டது. சாவி முறுக்கி ஓட்டும் கைக் காமிரா ஒன்றையும் ஒரே ஒரு பிலிம் சுருளையும் என்னிடம் கொடுத்தார். “உழைக்கிற மனுஷன் ஒருத்தனைப் படம் பிடிச்சிட்டு வா. பார்க்கிறவனுக்கு வேர்க்கணும். வேர்த்தா வேலை உனக்கு” என்றார். அந்தச் சுருள் மொத்தம் ஓடுவது இரண்டே முக்கால் நிமிடம். பிலிம் குதிரைக் கொம்பாக இருந்த நாள். இன்னொரு சுருள் என்ற பேச்சே இல்லை.

உழைக்கிற மனுஷன் என்றதும் அப்பாதான் நினைவுக்கு வந்தார். கிணற்றில் மாடு பூட்டி அவர் கவலையில் தண்ணீர் இறைப்பதைப் பார்க்க வேண்டும். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் தாவி உட்கார்ந்து அவரும் கூடவே இறங்குவார். தண்ணீர் நிறைந்த தோல்சால் தளும்பிக்கொண்டு கிணற்றிலிருந்து மேலே வரும். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டவன் நான். காமிரா கைக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு அழகு என்று தெரிந்தது.

படம் பிடிப்பதற்கு முந்தின நாள், பெரிய டைரக்டர் தோரணையில் அவரிடம் சொன்னேன்: “அப்பா, இந்த ஒரு சுருள்லதானுங்க என்ற பொழப்பே இருக்குது. இது கெட்டுதுன்னா காலம் பூரா நான் காமிரா தொடைக்க வேண்டியதுதானுங்க.”

“உன்ற பொழப்புக் கெடறாப்பல நான் நடப்பனா சாமி?” என்றார் அப்பா.

மறுநாள் காலையில் கிணற்றடிக்குப் போனால், அப்பா ஜரிகை வேட்டியும் தலையில் கட்டிய உருமாலுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல நிற்கிறார். மாடுகளுக்குக் கொம்பு சீவி, சாயம் பூசி, கழுத்தில் சலங்கை. அக்கா பாதி ஊரையே கூட்டி வந்து வரப்பில் நிறுத்தியிருந்தாள். அத்தனை பேருக்கும் தெரியும்படி தொண்டையைக் கனைத்து, “ஸ்டார்ட்!” என்று கத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

காமிரா ‘கிர்ர்’ என்றது. அப்பா கல்லாகிவிட்டார்.

ஒரு கை வடத்தில், கண் நேரே என் மேல், மார்பில் மூச்சுகூட இல்லை. எசமானர் நின்றதால் மாடுகளும் நின்றன. “ஓட்டுங்கப்பா!” என்று கத்தினேன். “ம்” என்றார், உதட்டைத் திறக்காமல். முறுக்கு அரை நிமிடம் ஓடித் தீர்ந்தது. நான் மறுபடி சாவியை முறுக்கக் குனிந்ததும் அவர் வடத்தில் தாவி ஏறி, இரண்டு சால் தண்ணீரை அருமையாக இறைத்துக் கவிழ்த்தார். நிமிர்ந்து பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் கல்.

“அசையோணுமுங்கப்பா! இது அசையற படம்!”

“அதெல்லாம் இப்பச் சொல்லுவ. படம் கலங்கிப் போச்சுன்னா அப்பறம் யாரு பாடு?” என்றார், காமிரா நின்ற பிறகு.

அக்காதான் விளக்கினாள். அவள் கல்யாணத்தின்போது சேலத்துப் போட்டோக் கடையில் அப்பா லேசாகத் தலையைத் திருப்பப் போய், படத்தில் அவருக்கு இரண்டு மூக்கு விழுந்துவிட்டதாம். “அசைஞ்சு கெடுத்துட்டீரே” என்று சம்பந்திகள் முன்னால் போட்டோக்காரர் சத்தம் போட்டாராம். அன்றைக்குத் தன் மானம் போனது போல இன்றைக்கு மகன் பிழைப்புப் போய்விடக் கூடாது என்று அப்பா உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சரி, தெரியாமல் எடுப்போம் என்று காமிராச் சத்தத்தை அமுக்க அதன் மேல் என் துண்டைப் போர்த்தினேன். சத்தம் அடங்கவில்லை, துண்டு மட்டும் வழிந்து லென்ஸை மூடிக்கொண்டது. (என் படத்தின் மூன்றாவது காட்சி முழுக்க அந்தத் துண்டுதான்.) இப்படியே முறுக்கு முறுக்காகச் சுருள் கரைந்தது. முறுக்குத் தளரும்போது சத்தம் இறங்கும் என்பதை அப்பா அதற்குள் கண்டுகொண்டார். கடைசி முறை சத்தம் இறங்கியதும், முடிந்ததாக நினைத்து, பெரிய மூச்சு விட்டார். உருமாலை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார்.

“முடிஞ்சுதா சாமி?”

சுருள் தீர்ந்தது.

“எல்லாம் முடிஞ்சுதுங்க!” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் காமிராவைப் பெட்டியில் போட்டேன். அக்கா போட்ட சோற்றைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டேன். அப்பா பஸ் வரைக்கும் பின்னாலேயே வந்தார். “கண்ணைக்கூடச் சிமிட்டலீயே சாமி, அப்பறம் எதுல தப்பு?” என்று ஜன்னலில் கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மதராஸ்காரர் ஸ்டூடியோ ஆட்களோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “இதுல உழைச்சது அந்த மாட்டு வால் ஒண்ணுதான்யா. வேலையை அதுக்குத்தான் குடுக்கணும்” என்று சொல்லிச் சுருளை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

டைரக்டர் ஆக எனக்கு அதன் பிறகு ஐந்து வருடம் பிடித்தது. அப்பாவை இன்னொரு தடவை எடுக்க வேண்டும், இந்தத் தடவை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். பிலிம் வரட்டும், காமிரா வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். இரண்டும் வந்தபோது அவர் இல்லை. முன்பின் தெரியாத ஆயிரம் பேரை நடக்கவும் ஓடவும் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். என் அப்பா நடந்து நான் வைத்திருப்பது ஓர் அடி. அந்த ஓர் அடிக்காக எனக்கு எத்தனையோ நாள் ஏக்கமாக இருக்கும்.

இப்போதும் குடும்பத்தில் விசேஷம் என்றால் அந்தச் சுருளைப் போடச் சொல்லிப் பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள். சுவரில் வேட்டியைக் கட்டிப் போடுவேன். அப்பா அசையாமல் நிற்க நிற்கச் சிரிப்பு ஏறிக்கொண்டே போகும். துண்டு வந்ததும் என் மானம் போகும். கடைசியில் அவர் மூச்சு விட்டு, முகம் துடைத்து, வாயைத் திறப்பார். படத்தில் சத்தம் கிடையாது. அக்கா தொடங்கி மடியில் இருக்கும் குழந்தை வரைக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில், “முடிஞ்சுதா சாமி?” என்பார்கள்.

“இல்லீங்கப்பா” என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து போடுவேன்.